சரியான சிவப்பு

மலைமேல் இருக்கும் எங்கள் ஓருரோ ஊரில் நவம்பர் பிறந்துவிட்டால் சும்மா இருக்கும் கால் ஒன்றுகூடக் கிடையாது. கார்னிவல் திருவிழா பிப்ரவரியில்தான், ஆனால் ஒத்திகை இப்போதே தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தெருவுக்கு ஒரு வாத்தியக் குழு ஊதித் தள்ளும். வக்கீலும் ஆடுவார், அவர் மேல் வழக்குப் போட்டவனும் அதே வரிசையில் ஆடுவான். மாதாவுக்கு நேர்ந்துகொண்ட ஆட்டம் என்பதால் மழை, மூட்டுவலி, மனைவியின் கோபம் எதுவும் சாக்காக எடுபடாது. இப்படிப்பட்ட ஊரில், அதுவும் அந்த மாதத்தில்தான், ஊருக்குத் தெற்கே இருக்கும் சேமியா ஆலை தன் ஆட்களின் மணிக்கட்டில் பட்டை கட்டியது. அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்த புத்திசாலி நான்தான் என்று இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

பட்டை பார்க்கக் கைக்கடிகாரம் போல இருந்தது. நேரம் மட்டும் காட்டாது. நாடி, தூக்கம், நடை எல்லாவற்றையும் அளந்து எங்கோ இருக்கும் கணினிக்கு அனுப்பும். பணியாளர் பிரிவைப் பார்க்கும் ஹிமேனா உர்கிதி கூட்டம் போட்டு விளக்கினார். படித்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. வாங்கிய பட்டத்தைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அதனால் அவர் எல்லோருக்கும் 'லிசென்சியாதா'.

"மூணு மாசம் அது உங்களச் சும்மா பார்க்கும். நம்ம ஆலையில ஆரோக்கியமான உடம்புன்னா எப்படி இருக்கும்னு உங்ககிட்டேருந்தே கத்துக்கும். அப்புறம் தினமும் காலைல வாசல்ல இருக்கற திரையில உங்க நிறம் வரும். பச்சைன்னா வேலைக்குப் போங்க. மஞ்சள்னா லேசான வேலை. சிவப்புன்னா வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க."

"ஓய்வுக்குச் சம்பளம் உண்டா லிசென்சியாதா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஓய்வுன்னா ஓய்வுதான்."

எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். ஒரே மாதத்தில் மூன்று சிவப்பு வந்தால் வேலை ஒப்பந்தம் முடிந்தது என்ற செய்தியை அவர் அப்போதுதான், நாற்காலிகள் இழுபடும் சத்தத்துக்கு நடுவே சொன்னார். அது காசில்டா ஆயாவிரியின் காதில் மட்டும் தெளிவாக விழுந்தது. எழுந்திருக்க அவளுக்கு எப்போதும் கொஞ்சம் நேரமாகும். அவள் இன்னும் உட்கார்ந்துதான் இருந்தாள்.

காசில்டாவுக்கு முடக்குவாதம். நாற்பதைத் தாண்டிய பெண், பொட்டலம் கட்டும் இயந்திரத்தைப் பல வருடமாக ஓட்டுபவள். காலையில் மூட்டுகள் துருப்பிடித்த கதவுபோல மெதுவாகத்தான் திறக்கும். அதன் பிறகு அவள் வேலையில் யாரும் குறை கண்டதில்லை. காகிதச் சுருள் மாற்றும் இடைவெளியில் உட்கார ஒரு மர ஸ்டூல் வைத்திருந்தாள். அது அவள் போகும் இடமெல்லாம் போகும்; தேவாலயத்துக்குக்கூடப் போகும்.

நோய் என்னவென்று தெரியாமல் கிடந்த ஒரு வருடத்தை அவள் மறக்கவே இல்லை. பாட்டில் மூடியைத் திறக்க முடியாது. சாவியைத் திருப்ப முடியாது. எல்லாவற்றையும் விட, தன் இரட்டைச் சடையைத் தானே பின்னிக்கொள்ள முடியாது. பக்கத்து வீட்டுக்காரி தினமும் காலையில் வந்து பின்னிவிட்டுப் போவாள். அவள் போனதும் காசில்டா சுவரைப் பார்த்து அழுவாள். ஆலை வேலையோடு வந்த மருத்துவக் காப்பீடுதான் அவளைக் காப்பாற்றியது. வாரம் ஒருநாள் மாத்திரை, மாதம் ஒருமுறை ஊசி, விரல்கள் திரும்பி வந்தன. வேலை போனால் காப்பீடு போகும். காப்பீடு போனால் மருந்து போகும். மருந்து போனால் விரல்கள் போகும். இதை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

பட்டை கொடுத்தபோது ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்கள்: நாள்பட்ட நோய் ஏதாவது உண்டா? உங்களை இன்னும் நன்றாகக் கவனித்துக்கொள்ளவே கேட்கிறோம். காசில்டா 'உண்டு' என்று எழுதினாள். பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல. சொல்லத் தேவையிருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த மூன்று மாதமும் ஆலையில் பாதிப்பேர் ஆடினார்கள். தொழிற்சங்கச் செயலாளர் ஃப்ரோய்லான், மொரெனாதா என்னும் ஆட்ட வரிசையில் ஆடினார். அந்த ஆட்டத்தின் உடை ஒரு மூட்டை மாவு கனம் இருக்கும். அதைத் தாங்குவதற்காகவே அவர் வயிற்றை வளர்த்து வைத்திருப்பதாகச் சொல்வார். காசில்டாவும் ஒருகாலத்தில் ஆடியவள்தான். இப்போது ஸ்டூலைத் தெருவோரம் போட்டு உட்கார்ந்து, ஆடுபவர்களை விரட்டுவாள்.

"அண்ணே, வரிசை கோணுது!"

"நேராத்தான் இருக்கேன்!"

"நீங்க நேராத்தான் இருக்கீங்க. உங்க வயிறு அடுத்த வரிசையில இருக்கு!"

தெருவே சிரிக்கும். ஆடுகிற அத்தனை மணிக்கட்டிலும் பட்டை இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மணிக்கட்டிலும் இருந்தது.

பிப்ரவரி தொடக்கத்தில் திரை நிறம் காட்டத் தொடங்கியது. முதல் நாள் வாசலில் திருவிழாக் கூட்டம். பச்சை, பச்சை, பச்சை. ஃப்ரோய்லானுக்குப் பச்சை வந்ததும் தொப்பியைக் கழற்றித் திரைக்குக் கும்பிடு போட்டார். காசில்டாவுக்கு மஞ்சள். அந்த வாரக் கடைசியில் சிவப்பு. காவலாளி தலையைக் குனிந்துகொண்டு, "என்ன பண்றது அக்கா, கதவு தொறக்க மாட்டேங்குதே," என்றான். கார்னிவலுக்கு முன்னாலேயே இரண்டாவது சிவப்பும் வந்தது.

'உண்டு' என்று எழுதிய மற்ற இருவருக்கும் இதே கதிதான். கிடங்கில் இருந்த பொனிஃபாசியோவுக்குச் சர்க்கரை நோய். பெட்டி ஒட்டும் லீதியாவுக்கு வலிப்பு. இரண்டு பேரும் மூன்று சிவப்பு வாங்கிக்கொண்டு, கொடுத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார்கள். காசில்டா ஃப்ரோய்லானிடம் போனாள்.

"அண்ணே, நீங்க சங்கத்து ஆளா, இல்ல சங்கு ஊதற ஆளா?"

"கார்னிவல் முடியட்டும் காசில்டா. முடிஞ்சதும் மொத வேலை அதுதான். மாதா மேல சத்தியம்."

"மாதாவுக்கு உங்க சத்தியத்தை எண்றதுக்கே ஒரு குமாஸ்தா வேணும்."

கார்னிவல் வந்தது, ஊரைப் புரட்டிப் போட்டது, போனது. தெருவெல்லாம் காகிதத் துகளும் பீர் நாற்றமும். ஆடியவர்கள் வேண்டுதல் முடிந்த நிம்மதியில் கட்டையைப் போலப் படுத்துக் கிடந்து, தவக்காலத்தில் வேலைக்குத் திரும்பினார்கள். நடையில் வேகமில்லை, தூக்கத்தில் ஒழுங்கில்லை, ஒருவர் உடம்பும் அவரவர் சொன்னதைக் கேட்கவில்லை. ஒருசில நாள்தான். பிறகு ஒரு காலையில் திரை பைத்தியம் பிடித்ததுபோலச் சிவந்தது.

ஃப்ரோய்லானுக்குச் சிவப்பு. மாவு பிசையும் பகுதி மொத்தமும் சிவப்பு. நேற்றுவரை பச்சையைத் தவிர வேறு நிறமே பார்க்காத வாலிபப் பையன்களுக்கும் சிவப்பு. கதவு யாருக்கும் திறக்கவில்லை. குளிர்காற்றில் ஆலை முழுவதும் வெளியே நின்றது.

"நம்ம எல்லாரும் செத்துட்டோம் போல," என்றார் ஃப்ரோய்லான். "யாரும் வீட்டுல சொல்லாதீங்க, பயந்துருவாங்க."

அந்தக் கூட்டத்தில் காசில்டாவுக்கும் சிவப்பு விழுந்தது. அவளுக்கு அது அந்த மாதத்தின் மூன்றாவது. ஆனாலும் அன்று காலை அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இவ்வளவு பேருக்குத் தப்பாகக் காட்டியது தனக்கும் தப்பாகத்தானே காட்டியிருக்க வேண்டும்?

சாந்தா குரூஸ் சமவெளியிலிருந்து கணினி நிறுவனத்தின் இன்ஜினியர் லியாண்ட்ரோ அடுத்த விமானத்திலேயே பறந்து வந்தார். எங்கள் உயரத்துக்கு மூச்சுவாங்கி, கொக்கா இலைத் தேநீரைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டார்: "நவம்பர்லேருந்து போன வாரம் வரைக்கும் நீங்கல்லாம் என்னதான் பண்ணீங்க?"

"ஆடினோம் இன்ஜினியரே."

"எவ்வளவு நேரம்?"

"மாதா போதும்னு சொல்ற வரைக்கும்."

லியாண்ட்ரோ தேநீரைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு. ஆடற உடம்பத்தான் அது சாதாரண உடம்புன்னு கத்துக்கிட்டிருக்கு. இப்ப ஆடாம வர்றவன் எல்லாம் அதுக்கு நோயாளி."

"ஏன், உங்க ஊர்லயும் கார்னிவல் உண்டே?"

"எங்க ஊர்ல மூணு நாள் குடிப்போம்யா! மூணு மாசம் ஆட மாட்டோம்!"

மதியத்துக்குள் கதவைத் திறந்துவிட்டு அறிவிப்பு ஒட்டினார்கள். இயந்திரத்தின் தவறு; அனைவருடைய சிவப்பும் ரத்து; அடுத்த வாரம் முதல் அது புதிதாகக் கற்றுக்கொள்ளும். கைதட்டல் அடங்கும் முன்பே ஹிமேனா காசில்டாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்க தோன்யா காசில்டா." பட்டம் வாங்காத பெண்களுக்கு எங்கள் பக்கம் 'தோன்யா'தான் மரியாதை.

"நின்னுக்கறேன். உக்காந்தா எந்திரிக்க நேரமாகும். விஷயத்தைச் சொல்லுங்க லிசென்சியாதா."

ஹிமேனா கெட்டவர் அல்ல. பிறந்தநாளுக்கு மறக்காமல் கேக் வெட்டுபவர். அதனால்தான் அவர் சொன்னது இன்னும் மோசமாக ஒலித்தது. "ரத்து பண்ணினது பொதுவான ஆளுங்களோடத. உங்களுக்கு நோய் இருக்குன்னு பதிவுல இருக்கு, மெஷின் கத்துக்கிட்டப்பவே உங்க அளவச் சேர்க்கல. அதனால உங்க சிவப்பு... எப்படிச் சொல்றது... அவங்களோடது தப்பான சிவப்பு. உங்களோடது சரியான சிவப்பு."

காசில்டா வாசல் பக்கம் கை நீட்டினாள்.

"அதே திரை. அதே காலை. அதே கதவு. அவங்களுக்குச் சிவப்பு வந்தா மெஷினுக்குப் பைத்தியம். எனக்கு வந்தா எனக்கு நோயா?"

"உங்களுக்கு நோய் இருக்கே!"

"இருக்கு. மெஷின் வர்றதுக்கு முந்தியே இருக்கு. அப்ப எத்தனை பொட்டலம் கெட்டுப்போச்சு, சொல்லுங்க?"

ஹிமேனா ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, உண்மையாகவே உதவி செய்கிறவர்போலச் சொன்னார்: "ஒரு வழி இருக்கு. எனக்கு நோய் இல்ல, குணமாயிடுச்சுன்னு எழுதிக் குடுங்க. நீங்களும் பொதுவான ஆளாயிடுவீங்க. மூணு சிவப்பும் போயிடும். நான் எதுவும் கேக்க மாட்டேன்."

"நோய் இல்லேன்னா ஊசிக்கு எப்படிப் போவேன்? ஆலை டாக்டர் கையெழுத்து இல்லாம மருந்து குடுப்பாங்களா?"

"அத அப்புறம் பார்த்துக்கலாம்..."

அந்த 'அப்புறம்' என்ற சொல்லில்தான் காசில்டாவுக்குக் கோபம் தலைக்கேறியது. கார்னிவலுக்கு அப்புறம் என்று ஃப்ரோய்லான் சொன்னதும் இதுதான். எல்லோருடைய அப்புறத்துக்கும் அவள் விரல்கள் காத்திருக்க வேண்டுமாம்.

"கேட்டுக்கங்க லிசென்சியாதா. எனக்கு நோய் இருக்கு. நான் வேலையும் செய்யறேன். ரெண்டும் நெஜம். ஒண்ண அழிச்சாத்தான் இன்னொண்ண நம்புவீங்கன்னா, கோளாறு எங்கிட்ட இல்ல."

அவள் அறையை விட்டு வந்தாள். நேராகத் தன் இயந்திரத்துக்குப் போய், ஸ்டூலை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். லாரிகள் வெளியே போகும் பெரிய வாசல் திறந்திருந்தது. அதன் நட்டநடுவில் ஸ்டூலைப் போட்டு, பாவாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

முதல் லாரி சேமியாப் பெட்டிகளோடு உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டுநர் செவேரோ தலையை வெளியே நீட்டினார். "அக்கா, நகருங்க."

"மறியல்."

செவேரோ அவளுக்குப் பின்னால் பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். "எத்தனை பேரு?"

"நான்தான்."

செவேரோ கொஞ்சம் யோசித்தார். எங்கள் நாட்டில் பிள்ளைகள் நடக்கக் கற்கும்போதே மறியலும் கற்றுக்கொள்ளும். மந்திரியின் காரைக்கூட ஒரு கல்லும் இரண்டு கிழவிகளும் நிறுத்தியதுண்டு. மறியலைத் தாண்டி வண்டி ஓட்டினவன் என்ற பெயரோடு எந்த ஓட்டுநரும் ஊரில் தலைகாட்ட முடியாது. அவர் இன்ஜினை அணைத்தார். மெல்லுவதற்குக் கொக்கா இலைப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்தார். பின்னால் வந்த லாரியும் நின்றது.

காசில்டாவின் மணிக்கட்டில் பட்டை துடித்தது: நீண்ட நேரம் அசையவில்லை, எழுந்து நடக்கவும். காசில்டா அதைப் பார்த்து, "உனக்காகத்தான் உக்காந்திருக்கேன். நல்லாப் பார்த்துக் கத்துக்க," என்றாள்.

ஃப்ரோய்லான் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "என்ன காசில்டா இது? சங்கத்துல பேசாம, தீர்மானம் போடாம..."

"நீங்க தீர்மானம் போடறதுக்குள்ள எனக்குக் கையெழுத்துப் போடற விரலே இருக்காது. அண்ணே, நீங்க ஆடினீங்க. எனக்குச் சிவப்பு விழுந்துச்சு. உங்களுக்குச் சிவப்பு விழுந்ததும் விமானத்துல இன்ஜினியர் வந்தாரு. பொனிஃபாசியோவுக்கு யார் வந்தா? லீதியாவுக்கு யார் வந்தா? நீங்களாவது வந்தீங்களா?"

ஃப்ரோய்லான் தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றினார். பிறகு குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "எனக்கும் ரத்த அழுத்தம் இருக்கு காசில்டா. 'இல்ல'ன்னு எழுதிட்டேன்."

"தெரியும். ஒத்திகைல நீங்க தூணுக்குப் பின்னால போய் மாத்திரை போடறத நான் பார்க்கலையா?"

அவருக்கு முகம் தொங்கிப்போனது. திரும்பி நடந்தார். கம்பி நீட்டிவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவர் ஒரு காலிப் பெட்டியோடு திரும்பி வந்து, அதைக் கவிழ்த்துப் போட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டி அவர் கனத்துக்கு நசுங்கியது.

"இன்னொரு பெட்டி கொண்டாங்கடா!" என்று கத்தினார்.

பெட்டிகள் வந்தன, கூடவே ஆட்களும் வந்தார்கள். சிலர் காசில்டாவுக்காக வந்தார்கள். சிலர் காலையில் குளிரில் நின்ற கடுப்பில் வந்தார்கள். ஒருசிலர், பெயர் சொல்ல வேண்டாம், வேலை நின்ற மகிழ்ச்சியில் வந்தார்கள். வாசலில் ஆபி என்னும் சோளக் கஞ்சி விற்கும் பெண் தன் பாத்திரத்தையே உள்ளே தூக்கி வந்துவிட்டாள். சூடான ஊதா ஆபியும் பொரித்த பஸ்தேல் பூரியும் கை மாறின. மேலே ஜன்னலில் ஆலை நிர்வாகியின் தலை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. லாரிகள் நீண்டுகொண்டே போயின.

வெயில் சாயும் நேரத்தில் ஹிமேனா ஒரு காகிதத்தோடு இறங்கி வந்தார். காசில்டா, "சத்தமாப் படிங்க," என்றாள்.

"தோன்யா காசில்டா ஆயாவிரியின் நீண்டகாலச் சேவையையும் உடல்நிலையையும் கருணையோடு கருதி, விதிவிலக்காக, அவரைப் பணியில் தொடர..."

கூட்டத்தில் சிலர் கைதட்டத் தொடங்கினார்கள். ஃப்ரோய்லான் எழுந்தேவிட்டார். காசில்டா அவர் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"வேண்டாம்."

"என்னது?" என்றார் ஹிமேனா.

"கருணையும் வேண்டாம், விதிவிலக்கும் வேண்டாம். இன்னிக்குக் கருணை வந்த ஆளுக்கு நாளைக்கு வராது. பொனிஃபாசியோவுக்கும் லீதியாவுக்கும் வரலையே? எழுதிக்கங்க. அவங்க ரெண்டு பேரும் திரும்ப வரணும். நிறத்தைப் பார்த்து யாரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. டாக்டர் சொன்னாத்தான் அனுப்பணும். அடுத்த வாரம் அந்த மெஷின் கத்துக்கும்போது எங்க மூணு பேருகிட்டேருந்தும் கத்துக்கணும். தனியா இல்ல, எல்லாரோடயும் சேர்த்து."

ஹிமேனாவுக்குக் குரல் உயர்ந்தது. அன்று முதல் தடவையாக அவரும் மனதில் பட்டதைச் சொன்னார். "உங்களச் சேர்த்தா அளவு கீழ எறங்கிடும் தோன்யா காசில்டா! ஆரோக்கியம்ங்கற அளவே எறங்கிடும்!"

"எறங்கட்டுமே. இத்தனை வருஷமா ஒவ்வொரு காலையும் நான்தான் பல்லக் கடிச்சுக்கிட்டு அதுகிட்ட ஏறிப் போறேன். ஒரு நாள் அது நான் இருக்கற எடத்துக்கு எறங்கி வரட்டும்."

யாரும் கைதட்டவில்லை. செவேரோ மட்டும் லாரிக்குள்ளிருந்து ஹாரனை ஒருமுறை அழுத்தினார். பின்னால் நின்ற லாரிகள் ஒவ்வொன்றாக அதையே செய்தன. மேலே ஜன்னலில் நிர்வாகி ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் ஏதோ சைகை காட்டினார். எழுதித் தொலை என்பதுதான் அது என்று எல்லோருக்கும் புரிந்தது.

ஹிமேனா லாரியின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து, பின்பக்கம் திருப்பி, காசில்டா சொல்லச் சொல்ல எழுதினார். நிர்வாகியிடம் கையெழுத்து வாங்கி வந்தார். காசில்டா அதை ஒவ்வொரு வரியாகப் படித்து, மடித்து, சட்டைக்குள் மார்போடு வைத்துக்கொண்டாள். செவேரோ இன்ஜினைக் கிளப்பினார்.

"இரு," என்றாள் காசில்டா. "எந்திரிக்கணும்."

குளிர்காற்றில் அத்தனை நேரம் உட்கார்ந்ததில் முழங்கால்கள் இறுகிப்போயிருந்தன. முதலில் கைகளை ஊன்றினாள். முடியவில்லை. ஃப்ரோய்லான் கை நீட்டினார். அவள் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டார். வலது காலை நீட்டினாள், மடக்கினாள், மறுபடி நீட்டினாள். பிறகு இடது கால். யாரும் முந்தவில்லை. லாரிகளும் லிசென்சியாதாவும் மேலே ஜன்னலில் நிர்வாகியும் அவள் மூட்டுகள் திறக்கும்வரை காத்திருந்தார்கள். அவள் அவசரப்படவே இல்லை. இந்த ஆலையில் முதல் தடவையாக அவசரப்பட வேண்டியதில்லை என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது.

நேராக நின்றாள். அவிழ்ந்திருந்த சடை நுனியைத் தன் விரல்களாலேயே பின்னி முடிந்தாள். ஸ்டூலை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள்.

"இப்பப் போ," என்றாள் செவேரோவிடம்.